அத்தியாயம் 5: ஜெர்மனியில் முதல் ஆறு மாதம்

விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று, வீட்டில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிடுவோம். வீட்டில் ஆசையாக எடுத்துவைக்கும் பொருட்களில் மூன்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை: நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை. பால் பொருளும் இறைச்சிப் பொருளும் பயணி கையில் கொண்டுவரக் கூடாது. பச்சையாக இருக்கும் இலை, காய், பழம் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆக, முழுத் தேங்காயைக் கொண்டுபோகலாம், ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொண்டுபோக முடியாது. சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளி, அப்பளம், மாங்காய் ஊறுகாய்க்குத் தடை இல்லை. கருவாட்டுக்கும் இல்லை. ஆனால் பொதுச் சமையலறை உள்ள விடுதிக்குப் போகிறவர் அதை இரண்டு தடவை யோசித்துவிட்டு எடுத்துவைக்கவும்.

மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் வேறு, ஊரிலேயே நல்ல அடாப்டராக வாங்கிக்கொள்ளுங்கள். குக்கர் வாங்கும்போது அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள், சில வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்புதான் இருக்கும், அலுமினிய குக்கர் அதில் சூடேறாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மூன்று மாதத்துக்கு உரியதை மருந்துச்சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்கோட்டைச் சென்னையில் வாங்காதீர்கள். அங்கே போய், பழைய துணிக் கடையிலாவது வாங்கினால் விலையும் குறைவு, குளிரும் தாங்கும்.

கடிதப்பெட்டியில் பெயர்

நம் ஊரில் ஒரு காரியம் சிக்கினால் நேரில் போய் நின்று, நாலு வார்த்தை பேசி, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து முடித்துவிடுவோம். ஜெர்மனியில் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டது. எல்லாம் காகிதத்தில், முன்கூட்டி வாங்கிய நேரத்தில் நடக்கும். அதற்கு அங்கே 'டெர்மீன்' என்று பேர். டெர்மீன் இல்லாமல் போய் நிற்பவரைப் பெரும்பாலும் அன்பாகவே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதை முதல் வாரத்திலேயே மனதில் ஏற்றிக்கொண்டவருக்கு மீதிப் பாதை சுலபம். மூன்றாவது மாதம் வரை 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று இருந்தவர்தான் அவதிப்படுகிறார். படிப்பில் கெட்டிக்காரர்களும் இதில் விதிவிலக்கில்லை.

முதல் வேலை கடிதப்பெட்டி. ஜெர்மன் முகவரியில் தெரு, கட்டட எண், அஞ்சல் எண், ஊர் இருக்கும். ஃபிளாட் எண் பொதுவாக இருக்காது. முப்பது குடித்தனம் இருக்கிற கட்டடமானாலும் தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண் (இது தனி உறையில் வரும்), காப்பீட்டு அட்டை, வரி எண், வதிவிட அனுமதி பற்றிய தகவல் என எல்லாமே அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகின்றன.

இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் பலருக்குக் காலியாகவே இருக்கும். ஜெர்மன் படிவம் காலிக் கட்டத்தை ஏற்காது. ஓர் அலுவலகம் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கும், இன்னொன்று உங்கள் பெயரையே அங்கே போடும், வங்கி மூன்றாவதாக ஒன்று செய்யும். விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே எழுத்தில், அதே வரிசையில் எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். கடிதப்பெட்டியில் உங்கள் பெயர், அப்பா பெயர் இரண்டையுமே ஒட்டிவையுங்கள். வேறொருவர் பெயரில் எடுத்த அறையில் தங்குகிறீர்கள் என்றால் அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரை ஒட்ட அனுமதி கேட்டு வாங்குங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறையாவது பெட்டியைத் திறந்து பாருங்கள். அரசு அலுவலகம் அனுப்பும் சாதாரணக் கடிதம், அஞ்சலிட்ட நான்காவது நாள் உங்களிடம் சேர்ந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2024 வரைக்கும் இது மூன்று நாளாக இருந்தது. ஆட்சேபம் தெரிவிக்க வேண்டுமானால் பெரும்பாலும் ஒரு மாதம்தான் கெடு. பிரிக்காத உறைக்கும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். மொழி புரியாவிட்டால் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். கடிதத்தில் முதலில் தேட வேண்டியவை இரண்டு: ஒரு தேதி, ஒரு தொகை.

பதிவு, வங்கி, காப்பீடு

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கிருக்கும் நம்மவர்கள் எல்லாரும் 'அன்மெல்டுங்' என்றே சொல்வார்கள். பாஸ்போர்ட்டோடு, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாளும் வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் டெர்மீன் கிடைப்பதே கஷ்டம். விமானம் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் தேடி, கிடைத்த நாளைப் பிடித்துவையுங்கள், அந்த உறுதிச் செய்தியையும் சேமித்துவையுங்கள். இது முடியாமல் வரி எண் வராது. வரி எண் இல்லாவிட்டால் பகுதிநேர வேலையில் அதிக வரி பிடிப்பார்கள். 'இந்த அறைக்கு அன்மெல்டுங் செய்ய முடியாது, அதனால்தான் வாடகை குறைவு' என்று யாராவது சொன்னால் அந்த அறை உங்களுக்கானது அல்ல.

விசாவுக்காக முடக்குக் கணக்கில் போட்ட பணத்தைப் பற்றி முந்தைய அத்தியாயத்தில் பார்த்தோம். 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. அந்த மாதத் தொகை கைக்கு வர ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும். முதல் தவணை வந்து சேர மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். அதுவரை தாக்குப்பிடிக்க, முன்பணத்தையும் சேர்த்து, தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும், சின்னக் கடைகள் சிலவற்றில் இன்னும் அட்டை வாங்குவதில்லை. 992 யூரோ போதுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கெம்னிட்ஸிலோ மாக்டெபுர்க்கிலோ போதும், சிக்கனமாக இருந்தால் மிச்சமும் பிடிக்கலாம். மியூனிக்கில் விடுதி கிடைக்காமல் வெளியே அறை எடுத்தால் அதில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். கட்டணமில்லாப் படிப்பு என்று நம்பிப் போகிறவர்கள் ஊரைப் பொறுத்தும் கணக்குப் போட வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது.

மருத்துவக் காப்பீட்டில் முப்பது வயதுக்குட்பட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பொதுக் காப்பீட்டையே எடுங்கள். மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும், வலிக்கத்தான் செய்யும். விலை குறைவு என்று தனியாரிடம் போய் விலக்குப் பெற்றுவிட்டால் படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப வழியில்லை. இன்னொரு சின்னக் காப்பீடும் இருக்கிறது. நீங்கள் பிறர் பொருளைச் சேதப்படுத்தினால் அதற்குப் பொறுப்பேற்கும் காப்பீடு அது. மாதம் ஐந்து யூரோவுக்குள்தான் ஆகும். விடுதிச் சாவியைத் தொலைத்து, ஒரே சாவி முறையில் இயங்கும் கட்டடத்தின் பூட்டுகளை எல்லாம் மாற்ற வேண்டிவந்தால் எவ்வளவு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாவியும் அதில் அடக்கமா என்று கேட்டு எடுங்கள்.

பதிவு முடிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. நான்கு பேர் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், அவர் எண்ணைக் குறிப்பிட்டு மற்றவர்கள் பதில் எழுத வேண்டும்.

விசா மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குத்தான் இருக்கும். அது காலாவதியாகும் முன்னரே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். முன்னரே விண்ணப்பித்தவருக்கு, அலுவலகம் எத்தனை மாதம் இழுத்தாலும் பழைய அனுமதியே தொடர்வதாகக் கருதப்படும். ஒரு நாள் பிந்தினால் நிலைமை வேறு.

அறை

மாணவர் நலச் சங்கம் நடத்தும் விடுதிகள்தான் மலிவு. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள், காத்திருப்புப் பட்டியல் சில ஊர்களில் இரண்டு பருவம் வரை நீளும். அடுத்தது 'வேகே', அதாவது ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை, சமையலறையும் குளியலறையும் பொது. வேகேவுக்கு ஆள் எடுக்க நேர்முகம் போலவே ஒன்று வைப்பார்கள். என்ன படிக்கிறீர்கள் என்பதைவிட, பாத்திரம் கழுவுவீர்களா என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை.

இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு அறையைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். 'நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று எழுதுகிறவர் மோசடிக்காரர், இதில் சந்தேகமே வேண்டாம். அறையின் படம் அழகாக, வாடகை ஊர் நிலவரத்தைவிடக் குறைவாக இருந்தால் இன்னும் உஷாராக இருங்கள். முதல் சில வாரத்துக்குத் தற்காலிக இடம் பிடித்துக்கொண்டு, நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

விளம்பரத்தில் 'கால்ட்' என்று போட்டிருந்தால் அது வெறும் அறை வாடகை. 'வார்ம்' என்றால் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் அதிலும் சேராமல் இருக்கலாம். முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத கால்ட் வாடகைதான், அதையும் மூன்று மாதத் தவணைகளில் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பலருக்கு இது தெரியாது, வீட்டுக்காரர் சொல்லவும் மாட்டார். தனி வீடு எடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சாமான் இல்லாத வீடு என்றால் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும்கூட இருக்காது. மேற்கூரையில் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வயர் தொங்கும்.

குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கச் சொல்லி வீட்டுக்காரர் எழுதி ஒட்டியிருப்பார், பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். செய்துதான் ஆக வேண்டும். காலையும் மாலையும் ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை அகலமாக ஐந்து பத்து நிமிடம் திறந்துவையுங்கள். சோறு வடிப்பதும், குளிப்பதும், அறைக்குள் துணி உலர்த்துவதும் சேர்ந்து சுவரில் ஈரம் கட்டும், ஈரம் பூஞ்சையாகும், பூஞ்சைக்கான செலவு உங்கள் முன்பணத்திலிருந்து போகும்.

சமையலறை

எல்லா மாநிலங்களிலும் வீடுகளில் புகை எச்சரிப்பான் கட்டாயம். கடுகு வெடித்து, வரமிளகாய் கருகி எழும்பும் புகைக்கு அது அலறும். சில விடுதிகளில் அந்தக் கருவி தீயணைப்புத் துறையோடே இணைக்கப்பட்டிருக்கும், வீண் அலாரத்துக்குக் கட்டணமும் கேட்பார்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்தி, மேலே இருக்கும் உறிஞ்சியை ஓடவிட்டு, கடுகு போட்டதும் மூடியால் மூடிவிடுங்கள். எண்ணெயையும் நன்றாகப் புகையும்வரை காய விடாதீர்கள். மசாலா வாசனை பற்றி அக்கம்பக்கத்தார் குறைசொல்வது உண்டு. அதற்காகச் சமைக்காமல் இருக்க வேண்டாம், கோட்டை மட்டும் சமையலறையில் மாட்டாதீர்கள்.

பொன்னி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் ஈழத்தமிழர் கடையில் கிடைக்கும். 1980களில் போருக்குத் தப்பி வந்தவர்கள் நடத்தும் இந்தக் கடைகள் பெர்லின், ஃபிராங்ஃபர்ட், டோர்ட்முண்ட், ஸ்டுட்கார்ட் என்று பல நகரங்களில் உண்டு. பச்சைக் காய்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் விமானத்தில் வந்திறங்கும். செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டால், "இல்லைத் தம்பி, வெள்ளிக்கிழமைதான் வரும். அப்ப வாங்கோ, எடுத்து வைக்கிறன்" என்பார் கடைக்காரர். நம்பிப் போகலாம், எடுத்தே வைத்திருப்பார். அறை தேடுகிறீர்கள், வேலை தேடுகிறீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், ஊரில் யார் எங்கே என்பது அவருக்குத் தெரியும். ஹம் நகரத்து காமாட்சி அம்பாள் கோயிலும் அவர்கள் எழுப்பியதே. 2002-இல் குடமுழுக்கு நடந்தது. கோடையில் நடக்கும் தேருக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர் வருவார்கள்.

துருக்கியர் கடையில் கொத்தமல்லி, பச்சைமிளகாய், வெண்டைக்காய், பெரிய வாளித் தயிர். தயிர் உறைகுத்த, கொழுப்பு நீக்காத சாதாரண யோகர்ட் ஒரு கரண்டி போதும். இட்லி மாவு குளிர்காலத்தில் புளிக்காது. ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள், காலையில் பொங்கியிருக்கும். ஓவன் மேல் ஒரு சீட்டு ஒட்ட மறக்காதீர்கள், வேகே தோழர் யாராவது பீட்சாவுக்கு அதைச் சூடாக்கிவிடுவார்.

மதியத்துக்குப் பல்கலைக்கழக உணவகமான மென்சாவே மலிவு. மூன்றிலிருந்து ஐந்து யூரோவுக்கு வயிறார ஒரு வேளை. சைவர்கள் முதலில் மூன்று சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஷ்வைன் என்றால் பன்றி, ரிண்ட் என்றால் மாடு, கெலட்டீனே என்றால் மிட்டாயிலும் சில யோகர்ட்டிலும் ஒளிந்திருக்கும் ஜெலட்டின். காய்கறி சூப் என்று பெயர் இருந்தாலும் இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவதை முதல் மாதத்தோடு நிறுத்திவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. பெரிய ரயில் நிலையத்துக் கடைகளும், சில பேக்கரிகள் காலையில் சில மணிநேரமும் திறந்திருக்கும், அவ்வளவுதான். ஈஸ்டர் வாரத்தில் வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்றும் அடைப்பு, நடுவே வரும் சனிக்கிழமை கடையில் ஊரே நிற்கும். வெள்ளி அல்லது சனி வாங்கிவைக்கும் பழக்கம் இரண்டே வாரத்தில் வந்துவிடும், பசி கற்றுக்கொடுத்துவிடும்.

குப்பையும் சத்தமும்

காகிதம் நீலத் தொட்டியில், சமையல் கழிவு பழுப்பில், பிளாஸ்டிக்கும் டின்னும் மஞ்சளில், மிச்சமெல்லாம் கறுப்பு அல்லது சாம்பல் தொட்டியில். ஊருக்கு ஊர் நிறம் கொஞ்சம் மாறும், கட்டடத்தின் சீட்டைப் பாருங்கள். கண்ணாடிப் புட்டியைத் தெருவோரத்துப் பெரிய பெட்டியில் நிறம் பிரித்துப் போட வேண்டும், நீலப் புட்டிக்குப் பச்சைப் பெட்டி. சத்தம் வரும் என்பதால் ஞாயிறன்று போடக் கூடாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் தண்ணீர், குளிர்பானப் புட்டிக்கும் டப்பாவுக்கும் 25 சென்ட் பிடித்துக்கொண்டுதான் விற்கிறார்கள். காலியான புட்டியை நசுக்காமல், பட்டைக்கோடு கிழியாமல் சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும், கல்லாவில் காட்டினால் காசு. மாதம் பிறக்கச் சில நாள் இருக்கையில், மூலையில் குவிந்த புட்டிகளைக் கொண்டுபோய்ப் பால், ரொட்டி வாங்காத மாணவர் குறைவு.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை சத்தம் கூடாது, ஞாயிறு முழுநாளும் அப்படியே. காலை ஐந்தரைக்குச் சட்னி அரைப்பது, ஞாயிறன்று ஆணி அடிப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். வீட்டோடு பேசும்போதும் இதை மறந்துவிடுகிறோம். கோடையில் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருப்பீர்கள். அம்மா விடிந்ததும் கூப்பிட்டால் உங்களுக்கு நள்ளிரவு. "சாப்பிட்டியாப்பா?" என்பதற்கு ஸ்பீக்கரில் கத்திப் பதில் சொன்னால் பக்கத்து அறைக்காரர் மறுநாள் கதவைத் தட்டுவார்.

வகுப்பு

குளிர்காலப் பருவம் அக்டோபர் 1-இல் தொடங்குகிறது, பாடங்கள் அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்ற குறி இருந்தால் பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கும். 'எஸ்.டி.' என்றால் சரியாகப் பத்துக்கு. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதற்குப் பதில் மேசையை முட்டியால் தட்டுவார்கள், திடுக்கிடாதீர்கள், பாராட்டுதான்.

பெரும்பாலான விரிவுரைகளில் வருகைப்பதிவு எடுப்பதில்லை. 75 சதவீத வருகைக்குப் பயந்து நான்கு வருடம் வகுப்பில் உட்கார்ந்திருந்த நம் பொறியியல் பட்டதாரிகளுக்கு இது சொர்க்கமாகத் தெரியும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. பல பாடங்களில் உள்மதிப்பெண் என்று எதுவும் கிடையாது, பருவம் முடிவில் எழுதும் ஒரே தேர்வுதான் முழு மதிப்பெண். 1.0 சிறந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 தோல்வி. எண் சிறியதாக இருந்தால்தான் நல்லது என்பதை வீட்டில் ஒருமுறை விளக்கிவிடுங்கள்.

தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பாடத்தில் சேர்ந்தது போதாது. பதிவுக்கான நாட்கள் பருவத்தின் நடுவில், இணையப் பலகையில் மட்டும் அறிவிக்கப்படலாம். தவறினால் பேராசிரியர் நினைத்தாலும் உதவ முடியாத நிலை பல இடங்களில் உண்டு. பதிவை விலக்கிக்கொள்ளவும் ஒரு கெடு இருக்கிறது. அது முடிந்தபின் வராமல் இருந்தால் தோல்வி என்றே பதிவாகும். உடம்பு சரியில்லையென்றால் அன்றே மருத்துவரிடம் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கம், வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் அதே பாடப்பிரிவைத் தொடர்வதும் அடைபடலாம். அதனால் முதல் பருவத்தில் ஆசைப்பட்டு ஏழு தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம், நான்கு எழுதி நான்கிலும் தேறுவது மேல். பேராசிரியரிடம் சந்தேகம் கேட்கத் தயங்காதீர்கள். அவருக்கும் வாரத்தில் ஒரு சந்திப்பு நேரம் உண்டு, அதற்கும் டெர்மீன் எடுக்க வேண்டும்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பருவக் கட்டணத்தோடு ஒரு பயணச்சீட்டு பெரும்பாலும் சேர்ந்தே வரும். உள்ளூர், வட்டார ரயில்கள் அனைத்துக்கும் நாடு முழுதும் செல்லும் மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி, 2026-இல் 63 யூரோவாகியிருக்கிறது, மாணவர் சீட்டு அதைவிட மலிவு. அதிவேக ஐசிஇ ரயிலில் அது செல்லாது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம், 'புதுசா வந்தேன், தெரியாது' என்பது எடுபடாது.

உடம்பு

சளி, காய்ச்சலுக்கு மருந்துக்கடைக்குப் போய் ஆன்டிபயாட்டிக் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், மருந்துச்சீட்டு வேண்டும். பாராசிட்டமால்கூட சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்துக்கடையில்தான். வந்த முதல் மாதத்திலேயே பக்கத்தில் ஒரு குடும்ப மருத்துவரைத் தேடி, புது ஆட்களை எடுக்கிறாரா என்று கேட்டுவையுங்கள். காய்ச்சல் வந்தபின் தேடுவது கஷ்டம். காய்ச்சலோடு போனால் அவர் பெரும்பாலும் மூலிகைத் தேநீரும் ஓய்வும் சொல்வார். ஏமாற்றமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அதுவே போதுமாகவும் இருக்கும். சிறப்பு மருத்துவருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். மருத்துவரின் கிளினிக் மூடிய நேரத்தில், உயிருக்கு ஆபத்தில்லாத அவசரத்துக்கு 116117. ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 112. போலீசுக்கு 110.

குளிரைவிட இருட்டுதான் நம்மவரைப் படுத்துகிறது. டிசம்பர் கடைசியில் பெர்லினில் காலை எட்டேகாலுக்கு விடிந்து மாலை நாலுக்கே இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் தூக்கம் கலைவதும், எதிலும் பிடிப்பில்லாமல் போவதும் பலருக்கும் நடக்கிறது. மதியம் வெளிச்சம் இருக்கும்போது அரைமணி நேரமாவது வெளியே நடந்துவிடுங்கள். மாணவர் நலச் சங்கங்கள் இலவச உளவியல் ஆலோசனை தருகின்றன, பல இடங்களில் ஆங்கிலத்திலும் உண்டு. போவதில் வெட்கம் எதுவும் இல்லை. பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் ஒரு பருவத்துக்குச் சொற்பக் காசுதான், பாட்மிண்டனிலிருந்து கயாக் வரை இருக்கிறது. ஜெர்மன் நண்பர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆறு மாதமானாலும் 'ஹலோ'வைத் தாண்ட மாட்டார். அதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலை

2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது, துறைக்குள் ஆளும் அறிமுகமாகும். என் பார்வையில் முதலில் முயல வேண்டியது அதுதான். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. மாதம் 603 யூரோவுக்குள் சம்பாதிக்கும் சிறுவேலைக்குப் பிடித்தங்கள் மிகக் குறைவு. பாடம் நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணிக்கு மேல் போனால் மாணவர் காப்பீட்டுச் சலுகை போய்விடும்.

சைக்கிளில் உணவு கொண்டுபோகும் வேலையில் சேர்வதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சம்பள ஊழியராக எடுத்தால் சரி. 'நீங்கள் சொந்தத் தொழில் செய்பவர்' என்று எழுதியிருந்தால் மாணவர் அனுமதியில் அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். இன்னொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து அவர் பெயரில் ஓட்டுவது சட்டவிரோதம், பிடிபட்டால் வதிவிட அனுமதிக்கே வேட்டு. நம்மூர்ப் பையன்களே புதிதாக வந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன், கேட்காதீர்கள்.

கல்விக் கடன் தவணையைப் பகுதிநேர வேலையில் கட்டிவிடலாம் என்று யாராவது வீட்டில் நம்பிக்கை கொடுத்திருந்தால் அந்த நம்பிக்கையை இப்போதே கலைத்துவிடுங்கள். முதல் பருவத்தில் மொழியும் தெரியாது, வேலையும் உடனே கிடைக்காது. இரண்டாவது பருவத்திலிருந்து கிடைப்பது உங்கள் வாடகைக்குக் கைகொடுக்கும், சென்னைக்கு அனுப்பும் அளவுக்குத் தேறுவது அரிது.

அறையை விடும்போது

ஒப்பந்தங்களை முடிப்பதற்கும் முன்னறிவிப்பு உண்டு. அறையை விட மூன்று மாதத்துக்கு முன்பே கையெழுத்திட்ட கடிதம் கொடுக்க வேண்டும், வாட்ஸ்அப் செய்தி செல்லாது. கைப்பேசிச் சந்தாவும் உடற்பயிற்சிக் கூடமும் இரண்டு வருடம் வரை கட்டிப்போடும், கையெழுத்திடும் முன் கால அளவைப் பாருங்கள். குடிபுகுந்த அன்றே சுவர், தரை, குளியலறை எல்லாவற்றையும் படமெடுத்து, சேதங்களை எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், காலிசெய்யும் அன்றும் அப்படியே. மீட்டர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பணம் திரும்பிவர ஆறு மாதம்வரைகூட ஆகலாம், வெப்பமூட்டல் கணக்குக்காக ஒரு பகுதியை இன்னும் கொஞ்ச நாள் பிடித்துவைப்பார்கள். அந்தக் கணக்கு உங்கள் புது முகவரிக்குத்தான் வரும், அதனால் சாவியைக் கொடுக்கும்போதே அந்த முகவரியையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். புது வீட்டுக் கடிதப்பெட்டியில் அன்றைக்கே பெயரை ஒட்டிவிடுங்கள்.